எல்லை வேலியும் வீட்டுத் தொட்டிலும்

கலிபோர்னியா மாகாணத்தின் தென்கோடியில் கலெக்ஸிகோ என்று ஓர் ஊர் இருக்கிறது. எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகாலி என்ற பெரிய நகரம். கலிபோர்னியா, மெக்ஸிகோ என்ற இரண்டு பெயர்களையும் வெட்டி ஒட்டி வைத்த பெயர்கள் இவை. குளிர்காலத்தில் பொழுது புலர்வதற்கு வெகு நேரம் முன்பே மெக்ஸிகாலியிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சோதனைச் சாவடியில் வரிசையாக நிற்கிறார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு இப்பால் வந்து, பஸ் ஏறி, இம்பீரியல் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அமெரிக்க நகரங்களில் குளிர்காலத்தில் சாப்பிடும் கீரையில் பெரும் பகுதி இந்தப் பள்ளத்தாக்கிலும், அடுத்துள்ள அரிஸோனாவின் யூமாப் பிரதேசத்திலும் விளைவதுதான்.

அந்த வரிசையில் ஒரு விஷயம் கண்ணில் படும். நரைத்த தலைகள் மிக அதிகம். முப்பது வருஷங்களுக்கு முன் இளங்காளைகளாக வந்தவர்களே இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப வேண்டிய வாலிபர்கள் போதிய அளவில் இல்லை.

அந்த வாலிபர்கள் எங்கே போனார்கள்? வேலி அவர்களைத் தடுத்துவிட்டதா? போலீஸாருக்குப் பயந்து நின்றுவிட்டார்களா? இவையும் காரணங்கள்தாம். ஆனால் இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அவர்களில் பலர் பிறக்கவே இல்லை!

இரண்டு அண்டை நாடுகளுக்கு இடையே மக்கள் போவதும் வருவதும் ஏதோ இன்றைய அரசியலால் நடப்பது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் பெரும் பகுதி, இருபது வருஷங்களுக்கு முன்பே இரு நாட்டு வீடுகளிலும் ஆடிய தொட்டில்களால் தீர்மானமாகிவிடுகிறது. இதற்கு மெக்ஸிகோவையும் அமெரிக்காவையும்விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இரு நாடுகள், இரு கணக்குகள்

மெக்ஸிகோவின் ஜனத்தொகை 1950-ல் 2 கோடியே 58 லட்சம். இருபதே ஆண்டுகளில், 1970-ல், அது 4 கோடியே 82 லட்சமாகிவிட்டது. தடுப்பூசியும், புது மருந்துகளும், மலேரியா ஒழிப்பும் வந்து சாவைக் குறைத்தன. பிறப்போ முன்போலவே இருந்தது. 1960-களின் கடைசியில் ஒரு மெக்ஸிகப் பெண் சராசரியாக ஏறக்குறைய ஏழு குழந்தைகளைப் பெற்றாள். முன்பெல்லாம் அந்த ஏழில் பல தவறிப்போகும். இப்போது பெரும்பாலும் பிழைத்து வளர்ந்தன.

அதே காலத்தில் வேலிக்கு வடக்கே நேர்மாறான கதை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் குழந்தைகள் ஏராளமாகப் பிறந்தன. 1957-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்றரைக் குழந்தைகளுக்கும் மேல். 1964-க்குப் பிறகு அந்த வேகம் அடங்கியது. 1976-ல் சராசரி இரண்டுக்கும் கீழே, 1.7 அளவுக்கு வந்துவிட்டது.

இனி இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். 1970-களில் பிறந்தவர்கள் 1990-களில் வேலை தேடி நிற்பார்கள். மெக்ஸிகோவில் அப்போது ஒவ்வோர் ஆண்டும் முந்திய ஆண்டைவிட அதிகமான இளைஞர்கள் வேலைச் சந்தைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த இளைஞர்களோ குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள். தக்காளி பறிக்கவும், கோழி உரிக்கவும், கூரை வேயவும் அவர்கள் முன்வரவில்லை. ஒரு பக்கம் கை அதிகம், வேலை குறைவு. மறு பக்கம் வேலை அதிகம், கை குறைவு. நடுவே 3,100 கிலோ மீட்டருக்கும் மேல் நீளமான ஓர் எல்லை. கூலியிலோ பல மடங்கு வித்தியாசம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதற்கு யாரேனும் உத்தரவு போட வேண்டுமா?

1970-ல் மெக்ஸிகோவில் பிறந்து அமெரிக்காவில் வசித்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. 1990-ல் 43 லட்சம். 2000-ல் 92 லட்சம். 2007-ல் ஒரு கோடியே 27 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே நாட்டிலிருந்து ஒரே நாட்டுக்கு இவ்வளவு பேர் குடியேறியது நவீன சரித்திரத்தில் மிக அபூர்வம்.

சட்டம் செய்த வேலை

ஜனத்தொகை மட்டுமே இதைச் செய்ததாகச் சொன்னால் அது பாதி உண்மைதான். ஆள் வருவானா மாட்டானா என்பதில் தொட்டிலுக்குப் பங்கு அதிகம். வருகிறவன் முன்வாசல் வழியே வருவானா, சுவரேறி வருவானா, வந்தவன் திரும்பிப் போவானா என்பதைத் தீர்மானிப்பது சட்டம்.

யுத்த காலத்தில் ஆள் பஞ்சம் ஏற்பட்டபோது, 1942-ல் அமெரிக்க சர்க்கார் மெக்ஸிகோவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ‘பிராசெரோ’ திட்டம் என்று அதற்குப் பெயர். கையால் உழைக்கிறவன் என்பது பொருள். 1964 வரை நடந்த இத்திட்டத்தின் கீழ் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொழிலாளர்கள் வந்தார்கள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். கொடுமைகளும் இல்லாமல் இல்லை. ஆரம்ப வருஷங்களில், ஊர் திரும்பியதும் கொடுப்பதாகச் சொல்லிக் கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்தார்கள். அந்தப் பணம் பலர் கைக்கு வந்து சேரவே இல்லை. அறுபது வருஷங்கள் கழித்து, 2005-ல், மெக்ஸிக சர்க்கார் அந்தக் கிழவர்களுக்காக ஒரு நிதி ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1964-ல் திட்டம் நின்றது. அடுத்த ஆண்டு நிறைவேறிய புதிய குடியேற்றச் சட்டம், அதுவரை எண்ணிக்கை வரம்பு இல்லாதிருந்த அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கும் முதன்முதலாக வரம்பு விதித்தது. 1976-ல் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 என்ற அளவு மெக்ஸிகோவுக்கும் வந்தது. மெக்ஸிகோவில் இளைஞர் கூட்டம் பெருகத் தொடங்கிய சமயம் பார்த்து முன்வாசல் சாத்தப்பட்டது! தோட்டத்தில் வேலை இருந்தது; முதலாளி கூப்பிட்டார்; வழி மட்டும் இல்லை. நேற்றுவரை ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவன் இன்று அதே தோட்டத்துக்கு, அதே முதலாளியிடம், சட்டவிரோதியாக வந்து சேர்ந்தான்.

1986-ல் ஜனாதிபதி ரீகன் காலத்துச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு உரிமை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகர்கள். ஆனால் அடுத்து வருகிறவர்களுக்குப் போதிய வழி ஏதும் வகுக்கவில்லை. 1990-களில் வேலிகள் எழுந்தன. 1992-ல் சுமார் 4,000 பேராக இருந்த எல்லைக் காவல் படை 2010-ல் 20,000-க்கும் அதிகமாயிற்று.

அதன் பலன் விசித்திரமானது. முன்பு வருகிறவன் ஆறு மாதம் உழைத்துவிட்டுத் திருவிழாவுக்கு ஊர் போவான், மறுபடி வருவான். வேலி உயர்ந்து, தரகன் கூலி ஏறி, பாலைவனத்தில் உயிர் போகும் அபாயமும் சேர்ந்தபின், ஒரு முறை உள்ளே வந்தவன் வெளியே போகத் துணியவில்லை. மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டான். இந்தப் போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் டக்ளஸ் மாஸ்ஸி, வருகிறவர்களைத் தடுப்பதற்காகப் போட்ட காவல் போகிறவர்களைத்தான் தடுத்தது என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். வந்து போகும் தொழிலாளர் கூட்டம் தங்கிவிட்ட குடும்பங்களாக மாறியது இப்படித்தான்.

தொட்டில் சிறுத்தது

இதற்கிடையில் மெக்ஸிகோவின் வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது.

1970-ல் ஜனாதிபதி பதவிக்கு வந்த லூயிஸ் எச்செவெர்ரியா எட்டுக் குழந்தைகளின் தகப்பனார். ஜனங்கள் பெருகுவதே தேசத்தின் பலம் என்ற கட்சியோடு பதவி ஏற்றவர். பள்ளிக்கூடமும் வேலையும் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவருடைய சர்க்கார் அடியோடு மனம் மாறியது. 1974-ல் புதிய ஜனத்தொகைச் சட்டம் வந்தது. தேசிய ஜனத்தொகைக் கவுன்சில் அமைந்தது. எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிப்பது தம்பதிகளின் உரிமை என அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். சிறிய குடும்பமே சிறப்பாக வாழும் என்ற வாசகம் நாடெங்கும் பரவியது. 1977-ல் குடும்பக் கட்டுப்பாட்டைக் கதைப் பொருளாக வைத்து ஒரு டெலிவிஷன் தொடர் நாடகம்கூட ஒளிபரப்பாகி, வீட்டுப் பெண்களிடையே பெரும் வரவேற்புப் பெற்றது.

கத்தோலிக்க சமயம் வேரூன்றிய தேசத்தில் இதெல்லாம் பலிக்குமா என்று அப்போது சந்தேகப்பட்டவர்கள் பலர். பலித்தது. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், பட்டணங்கள் வளர்ந்தன. ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஏழு என்றிருந்தது 2000-ல் மூன்றுக்கும் கீழே இறங்கியது. 2023-ல் எடுத்த சர்வேயில் 1.6. அதாவது அமெரிக்காவின் இன்றைய விகிதமும் மெக்ஸிகோவின் விகிதமும் இப்போது ஏறக்குறைய ஒன்றே!

ஆண்டுதோறும் வேலை கேட்டு வரும் இளைஞர் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவது நின்றது. உள்ளூர்த் தொழில்களும் ஓரளவு வளர்ந்தன. 2008-ல் அமெரிக்காவில் பொருளாதாரச் சரிவு ஏற்பட்டுக் கட்டட வேலைகள் முடங்கின. காவலும் கடுமையாயிற்று. எல்லாம் ஒன்றுசேர்ந்தன. 2005 முதல் 2010 வரை மெக்ஸிகோவிலிருந்து போனவர்களும் திரும்பியவர்களும் ஏறக்குறைய சமம், சுமார் 14 லட்சம் என்று பியூ ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. 2009 முதல் 2014 வரையிலோ திரும்பியவர்கள் பத்து லட்சம். போனவர்கள் எட்டு லட்சத்து எழுபதாயிரம்.

சரிவு நீங்கி வேலை பெருகிய பிறகும் பழைய வெள்ளம் திரும்பவில்லை என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். பொருளாதாரம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் திரும்பியிருக்க வேண்டும். கார்டன் ஹான்சன், கிரெய்க் மெக்கின்டாஷ் என்ற பொருளாதார அறிஞர்கள், மெக்ஸிகோவின் பெரும் குடியேற்றத்தில் கணிசமான பங்கு பிறப்பு எண்ணிக்கையின் ஏற்றத்தால் வந்தது என்றும், அந்த ஏற்றம் அடங்கினால் குடியேற்றமும் அடங்கும் என்றும் காட்டியிருந்தார்கள். அப்படியே நடந்தது.

தெற்கே நகர்ந்த ஊற்று

ஓர் ஊற்று வற்றினால் அடுத்த ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. 2014-ல் முதல் முறையாக, அமெரிக்க எல்லையில் பிடிபட்டவர்களில் மெக்ஸிகர்களைவிட மற்ற நாட்டார் அதிகமாக இருந்தார்கள். கவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் ஸால்வடார் ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். இந்நாடுகளில் பிறப்பு விகிதம் மெக்ஸிகோவுக்கு மிகவும் பிந்தியே இறங்கத் தொடங்கியது. கவாத்தமாலாவில் 1950-ல் சுமார் 30 லட்சம் பேர். 2018-ல் ஒன்றரைக் கோடியை நெருங்கிவிட்டார்கள். நிலமோ பெருகவில்லை.

நில நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தப் பிரதேசத்திலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. எல் ஸால்வடார் மிகச் சிறிய நாடு. அண்டையிலுள்ள ஹோண்டுராஸ் பரப்பில் அதைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் 1960-களில் ஜனத்தொகை எல் ஸால்வடாரில்தான் அதிகம். சுமார் மூன்று லட்சம் ஸால்வடார் குடியானவர்கள் எல்லை தாண்டிப் போய் ஹோண்டுராஸில் நிலம் திருத்திப் பயிர் செய்தார்கள். 1969-ல் ஹோண்டுராஸ் தன் நிலச் சீர்திருத்தத்தின் பேரில் அவர்களை வெளியேற்றத் தொடங்கியது. அந்த ஜூலை மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டன. உலகக் கோப்பைக்கான கால்பந்துப் போட்டிகளின்போது கலவரம் நடந்ததால் அதைக் ‘கால்பந்து யுத்தம்’ என்று உலகப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. மாண்டவர்களுக்கு அது வேடிக்கையல்ல. பந்து வெறும் சாக்கு. பிரச்னை நிலமும் ஜனத்தொகையுமே.

இன்று மெக்ஸிகோவுக்கே தென்னெல்லைப் பிரச்னை வந்துவிட்டது. அதன் சியாபாஸ் மாகாணத்துக் காப்பித் தோட்டங்களில் கவாத்தமாலாத் தொழிலாளர்கள் வெகு காலமாகவே வேலை செய்துவருகிறார்கள். வடக்கே போகப் பாதை கேட்டு வந்தவர்களில் பலரும் இப்போது மெக்ஸிகோவிலேயே தங்க விரும்புகிறார்கள். 2013-ல் மெக்ஸிகோவிடம் அடைக்கலம் கேட்டு மனுச் செய்தவர்கள் ஆயிரத்துச் சில்லறைப் பேர். 2023-ல் 1,40,000-க்கும் அதிகம். ஒரு தலைமுறைக் காலத்துக்குள், ஆளை அனுப்பிய நாடு ஆளை ஏற்கும் நாடாக மாறி வருகிறது.

கணக்குக்கு அடங்காதவை

எல்லாவற்றையும் பிறப்புக் கணக்கில் அடக்கிவிட முடியுமா? முடியாது. வெனிஸூலாவைப் பாருங்கள். அங்கே குழந்தைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிடவில்லை. எண்ணெய் வளமும் உண்டு. ஆயினும் பொருளாதாரம் குலைந்து, அரசியல் முறிந்து, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். எல் ஸால்வடாரிலும் கவாத்தமாலாவிலும் உள்நாட்டுப் போரும் குண்டர் கூட்டங்களும் விரட்டிய குடும்பங்கள் எத்தனை! அப்படி ஓடுகிறவர்களின் எண்ணிக்கையை எந்த நிபுணரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போரும் பஞ்சமும் கொண்டுவருவது புயல் வெள்ளம். திடீரென்று வரும், வடியும். ஜனத்தொகை கொண்டுவருவது பருவ மழை. அது வருமென்று இருபது வருஷங்களுக்கு முன்பே தெரியும். புயலுக்கு ஆயத்தமாக இல்லையென்று ஒரு சர்க்கார் சமாதானம் சொல்லலாம். பருவ மழைக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

இரு பக்கமும் முதுமை

இனி வரப்போவது என்ன? அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் இப்போது ஆறு கோடிக்கும் மேல். யுத்தத்துக்குப் பின் பிறந்த அந்தப் பெருங்கூட்டம் முழுவதும் 2030-க்குள் அறுபத்தைந்தைக் கடந்துவிடும். அந்நாட்டுக் காங்கிரஸின் வரவு-செலவு அலுவலகம் 2025 ஜனவரியில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2033-ல் அமெரிக்காவில் பிறப்பவர்களைவிட இறப்பவர்கள் அதிகமாவார்கள் என்று அது கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அதைத் திருத்தி, 2031 என்றது. அந்தத் திருத்தத்துக்கு ஒரு முக்கிய காரணம், குடியேறுகிறவர்கள் குறைந்ததே.

ஆள் தேவை எவ்வளவு என்பதற்குச் சர்க்காரின் தாள்களே சாட்சி. தற்காலிக விவசாய வேலைக்கென 2005-ல் சுமார் 48,000 இடங்களுக்கு அனுமதி தந்தார்கள். 2023-ல் அது 3,70,000-க்கு மேல். அந்த அனுமதியில் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகர்களே. பழைய பிராசெரோத் திட்டம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். ஒரு புறம் வேலியும் வெளியேற்றமும். மறு புறம் விவசாயியின் கையில் ஆள் கேட்டு விண்ணப்பம். இரண்டும் ஒரே தேசத்தில், ஒரே சமயத்தில்!

தெற்கேயும் காட்சி மாறிவிட்டது. மெக்ஸிகோவில் நடு வயது 2000-ல் 22, 2020-ல் 29. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் 2024-ல் 6,400 கோடி டாலருக்கும் மேல் வந்தது. ஸகாடெகாஸ், மிச்சோவகான் மாகாணங்களின் கிராமங்களில் அந்தப் பணம் எழுப்பிய வீடுகள் அழகாக நிற்கின்றன. பலவற்றில் குடியிருக்கத்தான் ஆள் இல்லை. பிள்ளை வருவான் என்று திண்ணையில் காத்திருக்கும் தாய் தந்தையரே மிச்சம். பணத்தைத் தபாலில் அனுப்பலாம். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுக்கும் கையை அனுப்ப முடியாது.

அந்தப் பிள்ளையின் நிலையும் பொறாமைப்படும்படி இல்லை. உரிமைச் சீட்டின்றித் தங்கிவிட்ட மெக்ஸிகர்கள் இன்னமும் 40 லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இருபது முப்பது வருஷங்களாகச் சம்பளத்திலிருந்து முதுமைக் காப்பு நிதிக்கு வரி கட்டி வருகிறவர்கள். சட்டம் மாறாவிட்டால் அந்த நிதியிலிருந்து முதுமையில் ஒரு காசும் அவர்களுக்குக் கிடைக்காது. அமெரிக்க முதியோர்களுக்குச் சோறு போட உதவும் இந்த உழைப்பாளிகளின் சொந்த முதுமைக்கு யார் பொறுப்பு? பிராசெரோக் கிழவர்களுக்கு நேர்ந்த கதை மீண்டும் பெரிய அளவில் நடக்கத்தான் போகிறதா?

எண்ணிக்கை எதுவும் ஒளித்து வைக்கப்பட்டதல்ல. எந்த ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பது ஒவ்வொரு சர்க்காரின் பதிவேட்டிலும் இருக்கிறது. அதைக் கொண்டு இருபது வருஷங்களுக்குப் பின் எங்கே ஆள் மிகும், எங்கே குறையும் என்று சொல்லிவிடலாம். 1965-ல் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால், வாசலைச் சாத்துவதற்குப் பதில் ஒரு முறையான வழியை வகுத்திருப்பார்கள். கோடிக்கணக்கான மக்கள் இருளில் எல்லை தாண்டும் அவலம் நேர்ந்திராது. இன்று அதே பதிவேடு நேர்மாறான செய்தியைச் சொல்கிறது: அண்டை வீட்டுத் தொட்டிலும் காலியாகிக்கொண்டு வருகிறது. அதையும் படிக்காமல், வற்றிவரும் ஆற்றுக்குக் கரையை உயர்த்திக்கொண்டே போனால், அணைக்கட்டு மிஞ்சும். பாசனத்துக்குத் தண்ணீர் மிஞ்சாது.

நாளைக்கும் கலெக்ஸிகோவில் விடியுமுன் வரிசை நிற்கும். இன்னும் பத்து வருஷங்களில் அந்த நரைத்த தலைகளும் வீட்டில் ஓய்ந்து உட்கார்ந்துவிடும். அப்போது சாவடியில் காவலர்கள் இருப்பார்கள். தோட்டத்தில் கீரையும் விளைந்திருக்கும். அதை அறுக்க யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி.